தொடக்கப் பள்ளியில் குழந்தைப் பாதுகாப்பு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பெடுக்கிறேன். எங்கள் பள்ளியில் இந்த ஏற்பாட்டைச் செய்து முடித்த பிறகு, அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலும் கூட இருந்து செய்து கொடுத்தேன். ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே தவறைப் பார்த்தேன். முதல் வேலையாகப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்று ஒரு மணி நேரம் பேசிவிடுகிறார்கள். அன்றைக்கோ மறுநாளோ ஒரு பிள்ளை வந்து வாயைத் திறக்கும். கேட்கிற பெரியவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. பதறிப்போய் யாரிடமோ சொல்வார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் யாரிடமும் எதையும் சொல்லாது.

அதனால் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் பெரியவர்கள் தயாராவதற்கான வேலை. வரிசையை மாற்றாதீர்கள். முழுவதும் முடிக்க எங்களுக்கு ஆறு வாரம் ஆனது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கெட்டி அட்டை நோட்டு, பூட்டி வைக்க ஒரு அலமாரி, பேசுவதற்கு ஒரு இடம். அந்த இடம் மூடிய அறையாக இருக்கக் கூடாது. பேசுவது வெளியே கேட்கக் கூடாது, ஆனால் உள்ளே இருப்பவர்கள் கண்ணில் பட வேண்டும். எங்களுக்கு நூலக மூலையே போதுமானதாக இருந்தது.

நோட்டின் முதல் பக்கத்தில் எண்களை எழுதுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. அவசரத்துக்கு 112. பாடப் புத்தகத்தின் அட்டையிலேயே அச்சாகியிருக்கும் கல்வித் துறை உதவி எண் 14417. இணையவழிப் பண மோசடிக்கு 1930. இவற்றோடு உங்கள் எல்லைக்குட்பட்ட அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் எண்ணும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரு சாதாரண நாளில் அழைத்துப் பாருங்கள். சுவரில் ஒட்டியிருந்த எண் மாறிப்போனது தேவைப்பட்ட நாளில்தான் தெரிய வந்தது என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள்.

2. இரண்டு பேரைப் பொறுப்பாக வைத்தல்

ஒருவர் போதாது. அவர் விடுப்பில் இருக்கும் நாளில்தான் பிள்ளை தேடி வரும். அந்த ஒருவர் மேலேயே புகார் என்றால் பிள்ளைக்குப் போக வேறு இடமும் இருக்காது. இரண்டில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தலைமையாசிரியர் ஒருவராக இருந்தால் மற்றவர் அவருக்கு அஞ்சாதவராக இருக்க வேண்டும்.

ஈராசிரியர் பள்ளியில் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். பிள்ளைகள் 'அத்தை', 'ஆயா' என்று ஒட்டிக்கொள்ளும் ஒருவர் அதில் நிச்சயம் இருப்பார். அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்க்கதை பேசாதவரா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. பிள்ளைகளைச் சுற்றி யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியல்

ஆசிரியர்களின் பெயரை மட்டும் எழுதிவிட்டு முடித்துவிடுவார்கள். நீங்கள் ஒரு நாளைக் காலையிலிருந்து நடத்திப் பாருங்கள். காலை உணவு சமைக்கும் அக்காக்கள், அவர்களுக்கு உதவியாக வரும் வீட்டுக்காரர், சத்துணவுப் பணியாளர்கள், கழிப்பறை சுத்தம் செய்பவர், ஆட்டோக்காரர், வேன் டிரைவர், வேனில் கூட வருபவர், ஆண்டு விழாவுக்கு டான்ஸ் சொல்லித்தரும் மாஸ்டர், சுண்ணாம்பு அடிக்க வந்தவர், பள்ளி முடிந்ததும் அதே வகுப்பறையில் டியூஷன் எடுப்பவர். எங்கள் பட்டியலில் 23 பேர் வந்தார்கள். பாதிப் பேரின் முழுப் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை.

போக்சோ என்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம். அதன் 2020ஆம் ஆண்டு விதிகள், பிள்ளைகளோடு பழகும் பணியாளர்களைக் காவல்துறை மூலம் சரிபார்க்கச் சொல்கின்றன. அதைச் செய்யுங்கள். ஆனால் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். முன்பு வழக்கு ஏதாவது இருந்ததா என்பதை மட்டுமே அது காட்டும். அதனால் கூடவே ஒரு விதி வேண்டும்: எந்தப் பெரியவரும், ஆசிரியர் உட்பட, மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. யாரையும் சந்தேகப்பட்டு வைத்த விதி இல்லை, எல்லோருக்கும் ஒன்றுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது.

வேனைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதியதற்குப் பிறகு, வேன் எந்த வழியாகப் போகிறது என்று எங்கள் பெற்றோர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கடைசியாக இறங்கும் பிள்ளை எவ்வளவு நேரம் வேனில் தனியாக இருக்கிறது, அப்போது கூட யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

4. பள்ளியைப் பிள்ளையின் உயரத்தில் நடந்து பார்த்தல்

மூன்று நேரத்தில் நடக்க வேண்டும்: காலை மணி அடிப்பதற்கு முன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பள்ளி விட்ட பிறகு. வகுப்பு நடக்கும்போது பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். குனிந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவில், படிக்கட்டுக்கு அடியில் என்று பெரியவர் கண்ணுக்கு மறைந்த இடம் இரண்டு மூன்றாவது இருக்கும். கழிப்பறைத் தாழ்ப்பாள் உள்பக்கம் பிள்ளைக்கு எட்டுகிறதா, வெளியிலிருந்தும் பூட்ட முடிகிறதா என்று சோதியுங்கள். வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு வேலை தனியாக இருக்கிறது. 2015 வெள்ளத்திலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் கடலூர்ப் பள்ளிகள் நிவாரண முகாம்களாயின. வடகிழக்குப் பருவமழையில் எந்த வருடமும் இது நடக்கலாம். முகாம் என்றால் பல தெருவின் ஆட்கள் ஒரே கூரையின் கீழ் இரவு தூங்குவார்கள், மின்சாரம் இருக்காது. பெண்களும் பிள்ளைகளும் தூங்க எந்த அறை, இரவில் கழிப்பறைக்குப் போக எந்த விளக்கு, யார் துணை என்று அக்டோபருக்கு முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு இதை யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. முகாம் முடிந்து பள்ளி திறக்கும் முன் பூட்டு, தாழ்ப்பாள், சாவி எல்லாவற்றையும் மறுபடி எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக, பள்ளி விடும் நேரம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை யார் வந்து கூட்டிப்போகலாம் என்று பெற்றோரிடம் பெயர் எழுதி வாங்குங்கள். 'மாமா வந்திருக்கேன், அம்மா அனுப்பினாங்க' என்று புதிதாக யாராவது வந்தால் அம்மாவுக்கு ஒரு போன் போடும் வரை பிள்ளை வகுப்பிலேயே இருக்கட்டும். கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபப்படட்டும்.

5. பெரியவர்களின் போனைச் சரிசெய்தல்

இணையப் பாதுகாப்பு என்றதும் பிள்ளை கையில் இருக்கும் போனுக்குப் போய்விடுகிறோம். நாம் பதிவேற்றும் படங்களும் நாம் நடத்தும் குழுக்களும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி மாற்றுங்கள். குழுவின் இணைப்பை எங்கும் பகிராதீர்கள். சாதாரணக் குழுவில் எல்லா அம்மாக்களின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணில் மதியம் விளையாடிக்கொண்டிருப்பது பல வீடுகளில் பிள்ளைதான். வாட்ஸ்அப்பிலேயே உள்ள கம்யூனிட்டி என்ற வசதியின் அறிவிப்புக் குழுவாக வைத்தால் எண்கள் அட்மினுக்கு மட்டும் தெரியும். நாங்கள் அப்படி மாறிவிட்டோம்.

ஆசிரியர் எந்தப் பிள்ளைக்கும் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. வீட்டுப்பாடமோ வாழ்த்தோ, குழுவில் போகட்டும் அல்லது பெற்றோருக்குப் போகட்டும். நல்ல ஆசிரியர்கள் அன்பாகத் தனிச் செய்தி அனுப்புவதைப் பிள்ளைகள் வழக்கமாக எடுத்துக்கொண்டால், தப்பான ஆள் அனுப்பும்போதும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

படங்கள். முகம், பெயர், சீருடை, அடையாள அட்டை நான்கும் ஒரே படத்தில் வந்தால், முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடப் போதும். விழாப் படங்களைத் தூரத்திலிருந்து, கூட்டமாக, பெயர் போடாமல் எடுங்கள். நீச்சல் உடை, உடை மாற்றும் அறை, கடற்கரைச் சுற்றுலாவில் நனைந்த பிள்ளைகள் எதையும் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். பெற்றோரின் சம்மதத்தை வருடத்துக்கு ஒரு முறை எழுதி வாங்குங்கள். வேண்டாம் என்று சொன்ன பெற்றோரின் பிள்ளையைப் படத்திலிருந்து விரட்டாமல், அந்தப் படத்தைப் பகிராமல் இருங்கள்.

6. வீட்டுப் போன்: பெற்றோர் கூட்டத்தில் கையோடு செய்ய வேண்டியது

'போனைக் கட்டுப்படுத்துங்கள்' என்று சொல்லி அனுப்பினால் யாரும் செய்யமாட்டார்கள். கூட்டத்திலேயே போனை எடுக்கச் சொல்லி, வரிசையாக உட்கார வைத்துச் செய்துவிடுங்கள். அப்பா வந்தால்தான் நல்லது. எங்கள் பகுதியில் போன் பெரும்பாலும் அப்பாவுடையது, பாஸ்வேர்டும் அவருக்குத்தான் தெரியும்.

முதலில் பணம். யுபிஐ செயலிக்குத் தனிப் பூட்டு போட வேண்டும், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்க வேண்டும். இதை முதலில் வைத்ததற்குக் காரணம், பணம் என்றால் எல்லோரும் உடனே கேட்பார்கள். அந்தக் கவனத்தோடு அடுத்ததையும் செய்துவிடலாம்.

அடுத்து யூடியூப். அப்பாவின் கணக்கில் பிள்ளை பார்த்தால் அப்பாவுக்கு வரும் பரிந்துரைகள்தான் பிள்ளைக்கும் வரும். யூடியூப் கிட்ஸ் செயலியில் தேடலை நிறுத்திவிட்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்களை மட்டும் விடலாம். போனைக் கொடுக்கும்போது ஆப் பின்னிங் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அந்தச் செயலியை விட்டு வெளியே வர PIN எண் கேட்கும்படி அதில் வைக்கலாம். அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. சில போன்களில் ஸ்கிரீன் பின்னிங் என்று இருக்கும்.

பிள்ளைக்கென்று தனி போன் இருந்தால், பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கவனித்துக்கொள்ள உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியை வைக்கலாம். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, கணக்கு திறக்க முடியவில்லை என்று பிறந்த வருடத்தை மாற்றிப் போடுவது. அந்த நொடியிலிருந்து அந்தப் பிள்ளை இணையத்தில் பெரியவராகிவிடுகிறது, வயதுக்கேற்ற பாதுகாப்பு ஒன்றும் வேலை செய்யாது. வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் குறைந்தபட்ச வயது 13. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் விளையாட்டுகள். விளையாட்டை விட அதில் உள்ள அரட்டையும் குரல் பேச்சும்தான் ஆபத்து. இரண்டையும் அணையுங்கள். பிள்ளையை வளைக்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் வருகிறார்கள். முதலில் விளையாட்டில் டைமண்டு, ஸ்கின் என்று பரிசு. பிறகு 'இது நமக்குள்ள ரகசியம்'. பிறகு வேறு செயலிக்கு வரச் சொல்வது. பிறகு போட்டோ. கடைசியில் மிரட்டல். பெற்றோருக்கு இந்த வரிசை மனப்பாடம் ஆகட்டும். முதல் இரண்டு படியிலேயே பிடித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்: 'ஏதாவது தப்பு நடந்துச்சுன்னா போனைப் பிடுங்கிடுவேன்.' மிரட்டலில் மாட்டிய பிள்ளை வாய் திறக்காததற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். 'என்ன நடந்தாலும் எங்கிட்ட சொல்லு, திட்டமாட்டேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

7. பிள்ளை சொல்ல வந்தால் எப்படிக் கேட்பது

எல்லா ஊழியரையும் உட்கார வைத்து, சமையல் அக்காவையும் சேர்த்து, வாய்விட்டுப் பயிற்சி செய்ய வேண்டிய படி இது. பிள்ளை பொறுப்பாளரைத் தேடி வராது. தனக்குப் பிடித்தவரிடம் வரும். எங்கள் பள்ளியில் அது பெரும்பாலும் சாப்பாடு போடுகிற அக்காதான்.

சொல்ல வேண்டியவை மூன்று: 'நீ சொன்னது நல்லது கண்ணு.' 'உன் மேல ஒரு தப்பும் இல்லை.' 'உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட நான் சொல்லப் போறேன்.' கேட்கக் கூடாதவை: 'நிஜமாவா?', 'ஏன் அன்னைக்கே சொல்லல?', 'அவரு உன்னை இங்க தொட்டாரா?' கடைசிக் கேள்வி நாமே பதிலை ஊட்டுவது. 'அப்புறம் என்ன ஆச்சு?' என்பதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது, பிள்ளைக்கு அது இன்னொரு ஏமாற்றம்.

பிள்ளை போன பிறகு, பிள்ளையின் சொற்களிலேயே எழுதுங்கள், தேதி நேரத்தோடு. 'தகாத முறையில் நடந்துகொண்டார்' என்று மாற்றி எழுதினால் பிள்ளை என்ன சொன்னது என்பதே அழிந்துவிடும். இரண்டாவது ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் என்று ஒவ்வொருவராகப் பிள்ளையைக் கூப்பிட்டுத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரை எதிரே நிறுத்திக் கேட்கவே கேட்காதீர்கள்.

இதோடு இன்னொன்று. பிரம்பு இருக்கும் வகுப்பில் பிள்ளை பேசாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதை வதைப்பதையும் தடை செய்கிறது. பிரம்பை எடுத்துப் போட்ட பிறகு இந்தப் படிக்கு வாருங்கள்.

8. புகார் கொடுத்தல்

2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று தோன்றினாலோ காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். உண்மையா என்று நாம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கடமை தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் உண்டு.

பெற்றோர் பயப்படுவது காவல் நிலையத்துக்காக. பிள்ளை நிலையத்துக்குப் போகத் தேவையில்லை, வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம், முடிந்தவரை பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது, நம்பிக்கையான ஒருவர் பிள்ளையோடு இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு மருத்துவமனை எந்தக் காகிதமும் கேட்கக் கூடாது. பரிசோதனைக்கு முன் குளிப்பாட்டாதீர்கள், உடையைத் துவைக்காதீர்கள். இதை அன்போடு, ஆனால் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும். பிள்ளையைச் சுத்தப்படுத்தத்தான் எந்தத் தாய்க்கும் முதலில் கை போகும்.

ஊரில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் வருவார்கள். பெண் பிள்ளையின் எதிர்காலம் என்பார்கள். மரியாதையோடு மறுத்துவிடுங்கள். புகார் ஏற்கெனவே போய்விட்டது என்று சொல்ல முடிந்தால் பேச்சு அங்கேயே நிற்கும். அதனால் தாமதிக்காதீர்கள். பிள்ளையின் பெயர், படம், தெரு, பள்ளி எதையும் ஆறுதலாகக்கூட எங்கும் பகிராதீர்கள். அதுவும் குற்றம்.

நடந்தது இணையத்தில் என்றால், கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். எதிராளியின் எண், கணக்கின் பெயர், நேரம் எழுதி வையுங்கள், மிரட்டல் செய்திகளைப் படம்பிடித்து வையுங்கள். ஆனால் பிள்ளையின் அந்தரங்கப் படம் இருந்தால் அதைப் படம்பிடிக்கவோ 'ஆதாரத்துக்கு' என்று யாருக்கும் அனுப்பவோ கூடாது. போனையே காவல்துறையிடம் கொண்டுபோங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். மிரட்டிய ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். படம் பரவிவிடுமோ என்ற பயம் இருந்தால் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தைப் பதிவேற்றாமல், கைரேகை போல அந்தப் படத்துக்கென்று ஒரு எண் அடையாளத்தை மட்டும் உருவாக்கி, இந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் தளங்களில் அதைத் தடுக்க உதவுகிறது.

9. இப்போது பிள்ளைகளுக்கு

ஒரு நாள் விழா வேண்டாம். வாரம் இருபது நிமிடம், தங்கள் வகுப்பில், தங்கள் ஆசிரியரோடு. ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

'நல்ல, கெட்ட' என்பதை விட 'பாதுகாப்பான, பாதுகாப்பில்லாத' என்று சொல்லுங்கள். ஊசி வலிக்கும், ஆனால் பாதுகாப்பானது. சாக்லேட் கொடுத்துத் தடவுவது இதமாக இருக்கலாம், ஆனால் பாதுகாப்பில்லை. 'கெட்டது' என்றால் தானும் கெட்டுவிட்டதாகச் சில பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

கையை நோட்டில் வைத்து வரையச் சொல்லி, ஐந்து விரலுக்கும் தான் நம்பும் ஐந்து பேரை எழுதச் சொல்லுங்கள். ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். முதல் ஆள் நம்பாவிட்டால் அடுத்த விரலுக்குப் போ என்று பழக்குங்கள். ரகசியத்துக்கும் ஆச்சரியத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லுங்கள். தங்கச்சி பிறந்த நாளுக்கு வாங்கிய பொம்மை ஒரு நாள் எல்லோருக்கும் தெரியும். என்றைக்குமே சொல்லக் கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னால், அதைத்தான் சொல்ல வேண்டும். பெற்றோருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்: மாமாவுக்கு முத்தம் கொடு என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வணக்கம் சொன்னால் போதும்.

நான்கு, ஐந்தாம் வகுப்புக்குப் போனைப் பற்றி மூன்றே கேள்வி: பரிசு தருகிறார்களா, ரகசியம் என்கிறார்களா, போட்டோ கேட்கிறார்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு விரலிடம் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை இந்த வகுப்பை வைக்காதீர்கள். விடுமுறைக்கு முந்தின நாளும் வேண்டாம். சொல்ல மனசு வந்த பிள்ளை, பிரச்சினை இருக்கும் அதே வீட்டுக்கு இரண்டு நாள் போய்விடும். நாங்கள் செவ்வாய்க்கிழமை காலையில் வைக்கிறோம். வகுப்பு முடிந்ததும் பொறுப்பாளர் இருவரும் வெளியே வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பேச வரும் பிள்ளை முதலில் பென்சில் சீவித் தாங்க என்றுதான் வரும்.

எழுதி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, மனதில் உள்ளதைச் சீட்டில் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்தால் யாரும் சீட்டுப் போடமாட்டார்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வையுங்கள். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகள் தன் படத்தை வரைந்து போட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறோம். செவ்வாயும் வியாழனும், இரண்டு பேராகச் சேர்ந்து திறக்கிறோம்.